பெட்டிசம் அண்ணைக்குக் கிடைக்காத ஐந்து நிமிடம்

இந்த ரொறன்ரோ மாநகரத்தில் அரசாங்கத்துக்கு அதிகமாகக் கடிதம் எழுதிய மனிதர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், இரண்டாவது இடத்துக்குத்தான் போட்டி நடக்கும். முதலாவது இடம் பெட்டிசம் அண்ணைக்கு. பெட்டிசம் என்றால் எங்கள் ஊரில் மனு. அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அதை இங்கே எழுதினால் நாங்கள் இருக்கும் மில்லிக்கன் பகுதியில் ஒருவருக்கும் ஆளை விளங்காது.

ஸ்டீல்ஸ் வீதிக்குப் பக்கத்தில், பன்னிரண்டு கடைகள் உள்ள பழைய பிளாசா ஒன்றில் அவர் சலூன் வைத்திருந்தார். அதே வரிசையில் நான்கு கடை தள்ளி என்னுடைய அச்சகம். கலியாண அழைப்பிதழும், கல்வெட்டு என்று நாங்கள் சொல்லும் செத்தவீட்டு நினைவுப் புத்தகமும் அடித்து வயிற்றைக் கழுவிக்கொண்டிருந்தேன். பிளாசாவில் வர்த்தகர் சங்கம் என்றும் ஒன்று இருந்தது. எழுதத் தெரிந்த பாவத்துக்கு என்னைச் செயலாளராக்கி வைத்திருந்தார்கள்.

அண்ணையின் சலூனுக்குள் போனவன் கையெழுத்து வைக்காமல் வெளியே வந்ததாகச் சரித்திரம் இல்லை. கதிரையில் இருத்துவார். துணியைக் கழுத்தில் இறுக்கிக் கட்டுவார். எப்படி வெட்டவேண்டும் என்று கேட்கவே மாட்டார். மெஷினை எடுத்து இடது பக்கம் முழுவதையும் வழித்து முடித்துவிட்டு, மெஷினை நிற்பாட்டுவார். பிறகு அலுமாரிக்கு மேலே இருந்து ஒரு மட்டையும் பேனையும் மடிக்கு வரும்.

"உதிலை ஒரு கையெழுத்தைப் போடுங்கோ. மற்றப் பக்கத்தையும் பாப்பம்."

"என்னத்துக்கு அண்ணை?"

"முதல் போடுங்கோ. பிறகு சொல்லுறன்."

பிளாசா வாசலில் பனியைக் குவித்துவிட்டுப் போகும் லொறிக்கு எதிராக ஒரு பெட்டிசம். பஸ் தரிப்பிடத்தை அந்தப் பக்கம் தள்ளி வைத்ததற்கு ஒன்று. பெயர்ப்பலகை இரண்டு அங்குலம் பெரிது என்று வந்த நோட்டீசுக்கு ஒன்று. ஒருமுறை ஒரு மனுஷன் கோபத்தில் துணியை உருவி எறிந்துவிட்டு, அரைத் தலையோடு எழும்பி வெளியே போனார். வெளியே மைனஸ் இருபது. கார்க் கண்ணாடியில் தன்னைப் பார்த்திருக்கிறார் போல. இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்து, கேட்காமலே இரண்டு இடத்தில் கையெழுத்து வைத்தார்.

கடிதங்களை ஆங்கிலத்தில் அவரே எழுதுவார். ஊரில் அவருடைய தகப்பனுக்கு முடிவெட்டும் தொழில். இவர் அந்தக் கத்தியைத் தொடமாட்டேன் என்று பிடிவாதமாக, யாழ்ப்பாணக் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தின் வாசலில் தட்டச்சு மெஷினோடு இருந்து சனத்துக்குப் பெட்டிசம் அடித்துக் கொடுத்தவர். கனடாவுக்கு வந்து பார்த்தால் தட்டச்சு மெஷினுக்கு வேலை இல்லை, கத்திக்கு இருந்தது. "நான் உதுக்குப் பயந்து ஓடினன். அது எனக்கு முதலே பிளேன் ஏறி வந்து இஞ்சை நிண்டது" என்று சிரிப்பார். கச்சேரி ஆங்கிலம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. 'மிகத் தாழ்மையுடன் பணிந்து மன்றாடுவது யாதெனில்' என்று கடிதம் தொடங்கும். 'தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன்' என்று முடியும். நடுவில் மாநகரசபையை நாறடித்திருப்பார்.

சலூனின் ஜன்னலோரக் கதிரையில் அவருடைய மனைவி இருப்பார். எங்கள் எல்லோருக்கும் அவர் அக்கா. கடை திறந்ததிலிருந்து பூட்டும் வரை அந்தக் கதிரைதான். அக்காவுக்கு மறதி நோய். உள்ளே வரும் ஒவ்வொருவரையும் பார்த்து "எப்ப வந்தனீங்கள்?" என்று கேட்பார். கனடாவுக்கு எப்போது வந்தீர்கள் என்று அர்த்தம். பதிலைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கேட்பார். ஒரே ஒரு முடிவெட்டுக்குள் நான் ஒன்பது தடவை கனடாவுக்கு வந்திருக்கிறேன்.

பிள்ளைகள் இல்லை. அக்காவை வீட்டில் தனியே விட்டால் கதவைத் திறந்துகொண்டு நடந்துவிடுவார். இரண்டு தடவை பொலிஸ் கொண்டுவந்து விட்டிருக்கிறது. ஒருநாள் நான் வாய் சும்மா இருக்காமல், "ஏன் அண்ணை இந்த வயசிலை கடையோடை மாரடிக்கிறியள்? ஆரும் பெரிய சலூனிலை போய் நிண்டு சம்பளத்தை எடுக்கலாமே" என்று கேட்டேன்.

"நிக்கலாம். இவவையும் கொண்டுவந்து ஒரு கதிரையிலை இருத்து எண்டு சொல்லுவானோ அவன்? என்ர கடை எண்டபடியால்தான் இவ என்ர கண்ணுக்கு முன்னாலை இருக்கிறா. இந்தக் கடை போச்சுதெண்டால் இவவும் போச்சுது, செயலாளர்."

அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. நானும் பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை.

அந்தக் கடைக்கு வினை வரியாக வந்தது. எங்கள் பிளாசாக்களில் நிலவரி கட்டிடச் சொந்தக்காரனுக்கு வரும். அவன் அதைப் பிரித்து வாடகையோடு சேர்த்து எங்கள் தலையில் கட்டிவிடுவான். அந்த வருடம் காணியின் விலையை மறுபடி மதிப்பிட்டார்கள். அந்த இடத்தில் முப்பது மாடி எழுப்பலாமாம். ஆகவே முப்பது மாடி நிற்கக்கூடிய காணிக்கு என்ன விலையோ, அந்த விலைக்கு வரி. நிற்பதோ ஒழுகுகிற கூரையோடு ஒற்றைத் தட்டு. கட்டாத மாடிக்கு நாங்கள் வரி கட்டவேண்டும்.

"நான் தலை வெட்டுறவன்" என்றார் பெட்டிசம் அண்ணை, சங்கக் கூட்டத்தில் எழும்பி நின்று. "எனக்கு மேலை முப்பது மாடி நிக்குது எண்டு ரக்ஸ் கேக்கிறாங்கள். அந்த முப்பது மாடியிலையும் எனக்கு வெட்ட ஒரு தலை இல்லை. சித்திரையிலை என்ர லீஸ் முடியுது. உந்த ரக்ஸ் இறங்காட்டி நான் புது லீசிலை கையெழுத்து வைக்கேலாது."

எல்லோருக்கும் நெருக்கடிதான். ஆனால் அடுத்த சித்திரையில் லீஸ் முடிகிறவர் அவர் ஒருவர்தான். அவர் மனைவி எங்கே இருப்பார் என்பதும் அந்த லீசிலேதான் தொங்கியது.

அரசாங்கத்தை எங்கள் பக்கம் இழுப்பதற்கு எங்கள் சங்கத்திடம் ஒரு முறை இருந்தது. தைப்பொங்கலுக்கு ஒரு அரசியல்வாதியைக் கூப்பிடுவோம். விளக்கேற்றுவார். பொன்னாடை போர்த்துவோம். மாலை, படம், உழுந்துவடை. அவர் கைகூப்பி "வணக்கம்" என்பார். நாங்கள் கைதட்டிக் கொண்டாடுவோம். அவர் போய்விடுவார். சங்கத்தின் தலைவர் நகைக்கடை வைத்திருந்தார். அவருடைய சுவர் முழுக்க இந்தப் படங்கள்தான். அந்தச் சுவரில் இருந்த ஒருவரிடமும் நாங்கள் ஒன்றையும் கேட்டதில்லை.

"பொன்னாடையைப் போர்த்து அனுப்பினால் அவன் குளிராமல் வீட்டை போவான். நாங்களல்லோ விறைக்கிறம்" என்று பெட்டிசம் அண்ணை வருடா வருடம் சொல்லுவார். வருடா வருடம் நாங்கள் அடுத்த பொன்னாடைக்கு ஓடர் கொடுப்போம்.

அந்தத் தைப்பொங்கலுக்கு எங்கள் கவுன்சிலர் வந்தார். படம் எடுத்து முடிந்ததும், சின்ன வியாபாரிகளை ஆதரிப்பதாக இன்னொரு படம் வேண்டுமென்று சலூனுக்குள் நுழைந்து, பாவம், கதிரையில் இருந்துவிட்டார். நான் தடுப்பதற்குள் துணி ஏறிவிட்டது. சும்மா படத்துக்காக என்று அவர் சொல்வதற்குள் மெஷின் இடது காதுக்கு மேலே ஓடிவிட்டது. ஆங்கிலத்தில் நடந்ததைத் தமிழில் தருகிறேன்.

"ஐயோ, எனக்கு வேறு கூட்டம் இருக்கிறது!"

"ஓம் சேர், இருக்கட்டும். இந்தக் கடிதத்தை ஒருக்கால் பாருங்கோ."

"கட்டாயம் கொண்டுபோய் வாசிக்கிறேன்."

"நீங்கள் கஷ்டப்படவேண்டாம் சேர். நானே வாசிக்கிறன். நீங்கள் ஆடாமல் மட்டும் இருங்கோ."

நான்கு பக்கக் கடிதம். பொன்னாடை போர்த்த தோளோடும் பாதித் தலையோடும் அந்த மனுஷன் முழுவதையும் கேட்டார். இதற்கிடையில் ஜன்னல் பக்கமிருந்து அக்கா அவரை மூன்று தடவை எப்ப வந்தனீங்கள் என்று கேட்டார். தலைவர் வாசலில் நின்று நெஞ்சைப் பிடித்தார். ஆனால் கேளுங்கள், பதினாறு பொங்கலில் நடக்காதது அன்றைக்கு நடந்தது. கவுன்சிலர் எழும்பும்போது, "அடுத்த மாதம் இந்த வரி விஷயம் குழுவுக்கு வருகிறது. வந்து பேசுங்கள். முன்கூட்டியே பெயர் கொடுத்தால் ஆளுக்கு ஐந்து நிமிடம் தருவார்கள். இப்போது வாசித்தீர்களே, இதைச் சுருக்கிச் சொன்னால் போதும்" என்றார்.

அன்றிலிருந்து பெட்டிசம் அண்ணையின் கடையில் தலைகள் எல்லாம் ஐந்து நிமிடத்தில் வெட்டப்பட்டன. ஒரு பக்கத்தில் மணிக்கூடு, கதிரையில் நீங்கள். மாநகரசபைக் குழு நீங்கள்தான். நாலே முக்கால் நிமிடத்தில் முடித்துவிட்டார் என்றால் அன்றைக்கு உங்கள் தலை நன்றாக இருக்கும்.

இனி நான் சொல்லப்போவது எனக்குப் பெருமையான விஷயம் அல்ல.

பெயர் அனுப்புவதற்கு முந்தின நாள் தலைவர் என் அச்சகத்துக்கு வந்தார். கதவைச் சாத்தினார். "ஐசே, சங்கத்தின்ர சார்பிலை நான் கதைக்கிறன். ஒரு பேர் காணும்."

"பெட்டிசம் அண்ணையும் கதைக்கிறதெண்டு கூட்டத்திலை முடிவெடுத்தனாங்கள் எல்லோ?"

"எடுத்தனாங்கள்தான். இண்டைக்கு எல்லாம் வீடியோவிலை போகுது. ஊர் முழுக்கப் பாக்கும். தமிழ் வர்த்தகருக்காண்டிக் கதைக்க உவரைத்தானோ பிடிச்சவை எண்டு ஆக்கள் கேட்டால் என்ன சொல்லுவீர்? உமக்கு விளங்கும்தானே."

விளங்கியது. நன்றாகவே விளங்கியது. எங்கள் சனம் சாதியைக் கடவுச்சீட்டுக்குள் மடித்து வைத்துக் கொண்டுவந்து, இங்கே யாரும் பார்க்காத நேரத்தில் எடுத்து விரிக்கிற சனம். தன் தலையை மாதாமாதம் அவருடைய கைக்குள் கொடுக்கிற தலைவருக்கு, அந்த மனிதர் மைக்குக்கு முன்னால் நிற்பது மட்டும் பொறுக்கவில்லை. நான் அப்போதே, "போமோய் அங்காலை" என்று சொல்லியிருக்கவேண்டும். தலைவருடைய கடையின் விளம்பரமும் அவருடைய இரண்டு பெண்களின் கலியாண அழைப்பிதழும் என் அச்சகத்துக்கு வரவேண்டி இருந்தன. ஒரே ஒரு பெயரைப் போட்டு இமெயிலை அனுப்பினேன்.

குழுக் கூட்டத்தன்று எல்லோரும் தலைவரின் வான் வண்டியில் போனோம். பெட்டிசம் அண்ணை கோட் போட்டிருந்தார். மடியில் பைல். பக்கத்தில் அக்கா, புதுச் சேலையில். வாசலில் நின்ற காவலாளியையும் அக்கா விடவில்லை. அவன் தமிழ் தெரியாத ஆள். சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டான்.

தலைவரின் முறை வந்தது. போய் மைக்கைத் தட்டிப் பார்த்தார். பிறகு, எங்கள் கோயில் மண்டபங்களில் முப்பது வருடம் பேசிப் பழகிய அதே ஒழுங்கில் தொடங்கினார். மதிப்புக்குரிய குழுத் தலைவி அவர்களே. மதிப்புக்குரிய உறுப்பினர்களே என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி. மதிப்புக்குரிய அதிகாரிகளே. குறிப்பெடுக்கும் சகோதரியே. கமராவுக்குப் பின்னால் நிற்கும் தம்பியே. எங்கள் மேடைகளில் ஒருவரை விளிக்காமல் விட்டால் அவர் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார். அந்தப் பயம் தலைவரின் இரத்தத்தில் ஊறியது. விளித்து முடித்துவிட்டு, அகதியாக வந்த எங்களை அணைத்துக்கொண்ட கனடாவுக்கு நன்றி சொன்னார். அணைத்த விதத்தை விவரித்தார். எங்கள் பிள்ளைகள் டொக்டர்களாகவும் இஞ்சினியர்களாகவும் வந்ததைச் சொன்னார். சிவப்பு வெளிச்சம் மினுங்கத் தொடங்கியது. அது தன்னைக் கௌரவிக்கத்தான் என்று நினைத்தாரோ தெரியாது.

"இனி நான் விஷயத்துக்கு வருகிறேன்" என்றார். ஐந்து நிமிடம் முடிந்தது.

உறுப்பினர் ஒருவர் நல்ல மனுஷி. "நீங்கள் கேட்பது எந்த வரிக் குறைப்பை? சுருக்கமாகச் சொல்லமுடியுமா?" என்று கேட்டார். தலைவர் அந்த நான்கு பக்கக் கடிதத்தை ஒருநாளும் வாசித்ததில்லை. மோதிர விரலால் கழுத்துப் பட்டியைச் சரிசெய்துகொண்டு, "உங்கள் தொடர்ந்த ஆதரவைக் கேட்கிறோம்" என்றார்.

"அது எப்போதும் உண்டு. நன்றி" என்றார் அந்த மனுஷி.

பெட்டிசம் அண்ணை எழும்பி, கோட்டைப் பூட்டி, பைலைத் திறந்து தயாராக நின்றார். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். அது நாய்கள் ஓடுகிற பூங்கா பற்றிப் பேச வந்த யாரோ ஒரு வெள்ளைக்காரர். அதற்கடுத்த பெயரும் அண்ணையினது அல்ல. அவர் என் பக்கம் குனிந்தார்.

"செயலாளர், என்ர பேர் அனுப்பினனீர்தானே?"

"அனுப்பினனான் அண்ணை. அவையின்ர லிஸ்டிலை ஏதோ பிழை போலை."

என் வாயால் நான் சொன்னது. இதை எழுதும்போதும் வெட்கம் காதைச் சுடுகிறது. அவர் குறிப்பெடுக்கும் பெண்ணின் மேசைக்குப் போய்க் கொஞ்ச நேரம் ஏதோ கதைத்தார். கடிதத்தை அங்கே கொடுத்துவிட்டு வந்து அக்காவின் சேலைத் தலைப்பைச் சரிசெய்துவிட்டார். குழு எங்கள் விஷயத்தைப் பெற்றுக்கொண்டதாகப் பதிந்தது. பெற்றுக்கொண்டது என்றால் பெற்றுக்கொண்டதுதான், அதற்குமேல் ஒன்றும் இல்லை. தலைவர் அதை வெற்றி என்றார். 'மாநகரசபையில் ஒலித்த தமிழ்க் குரல்' என்று தன் படத்தோடு துண்டுப்பிரசுரம் அடிக்கச் சொன்னார். நான்தான் அடித்தேன், நான்கு வர்ணத்தில்.

பெட்டிசம் அண்ணை பேசியிருந்தால் வரி குறைந்திருக்குமா? அநேகமாக இல்லை. அரசாங்கம் ஒரு சலூன்காரரின் ஐந்து நிமிடத்துக்கு இறங்கிவிடும் என்று நம்புகிற வயது எனக்கு இல்லை. ஆனால் அந்த ஐந்து நிமிடம் அவருடையது. அதை எடுத்தது அரசாங்கம் அல்ல.

சித்திரையில் சலூன் பூட்டியது. கண்ணாடியையும் கதிரைகளையும் யாரோ வந்து ஏற்றிப்போனார்கள். அண்ணை வேறொரு சலூனில் நாட்கூலிக்குப் போய் நின்றார். அக்காவைப் பக்கத்து வீட்டு மனுஷி பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. முதலாவது பனிக்காலமே போதுமாக இருந்தது. அந்த மனுஷி குளியலறைக்குப் போன நேரத்தில் அக்கா செருப்பில்லாமல் இறங்கி நடந்துவிட்டார். இரண்டு தரிப்பிடம் தள்ளி ஒரு பஸ் டிரைவர் கண்டு நிற்பாட்டி ஏற்றினார். உயிர் தப்பியது. இடது காலில் மூன்று விரல்கள் தப்பவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவை அவர்கள் வீட்டுக்கு விடவில்லை. மோர்னிங்சைட் பக்கம் ஒரு பராமரிப்பு இல்லத்தில் கட்டில் கிடைத்தது.

இப்போது அண்ணை நாட்கூலியையும் விட்டுவிட்டு அங்கேதான் பகல் முழுவதும். அக்காவுக்கு அவரை அடையாளம் தெரிவதில்லை. "ஐயா, நீங்கள் நல்லா வேலை செய்யிறியள்" என்று சில நாள் மெச்சுவார். அவர் "ஓம் பிள்ளை" என்று சொல்லிவிட்டுக் கரண்டியை நீட்டுவார். அவருடைய பழைய வியாதி மட்டும் போகவில்லை. சாப்பாட்டு மண்டபத்தில் தேத்தண்ணி ஆறிப்போய் வருகிறது என்று ஒரு பெட்டிசம் சுற்றுகிறது. கையெழுத்து வைத்த கிழவர்களில் பாதிப்பேருக்கு வைத்தது ஞாபகமில்லை. அதனால் ஒவ்வொரு கிழமையும் புதிதாக வைக்கிறார்கள்.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் வருவேன். இரண்டு வருடமாக அந்தப் பொய்யைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டுதான் போய் வந்தேன். ஒரு ஞாயிறு பொறுக்கமுடியாமல் சொல்லிவிட்டேன்.

"அண்ணை, அண்டைக்கு உங்கட பேரை நான்தான் அனுப்பேல்லை."

அவர் அக்காவுக்கு சூப் ஊட்டிக்கொண்டிருந்தார். கரண்டி நிற்கவில்லை.

"தெரியும்."

"எப்பவிருந்து?"

"அண்டைக்கே. அந்தக் குறிப்பெடுக்கிற பிள்ளையிட்டைக் கேட்டனான். வந்த இமெயிலைத் திருப்பிக் காட்டினவள். ஒரு பேர்தான் கிடந்தது."

"பிறகேன் அண்ணை என்னை ஒரு வார்த்தை கேக்கேல்லை? ஏசியிருக்கலாமே?"

அவர் அக்காவின் வாயைத் துடைத்துவிட்டார். "ஏசலாம். ஏசினால் உமக்கு வெக்கமாப் போகும். பிறகு இஞ்சாலை வரமாட்டீர். இவவைப் பாக்க வாறதே நீர் ஒராள்தான்."

அவ்வளவுதான். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை. இரண்டு மணி தாண்டியும் நான் போய்ச் சேராவிட்டால் மட்டும் ஃபோன் எடுத்து, "எங்கையோய் நிக்கிறீர்? மனிசர் பாத்துக்கொண்டிருக்கிறதில்லையே?" என்று நல்ல ஏச்சு ஏசுவார். அந்த ஏச்சைக் கேட்பதற்காகவே சில ஞாயிறுகளில் வாசலுக்கு வந்தும் இறங்காமல், இரண்டு மணி தாண்டும் வரை காருக்குள் இருந்துவிட்டு உள்ளே போகிறேன்.